வீட்டு வாசலில் இரண்டு கதவுகள் ஏன்?

மாணவர்களே, நீங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் வசிப்பவராக இருந்தால், இன்று பள்ளி முடிந்து வீட்டுக்குப் போகும்போது ஒரு சின்ன வேலை செய்யுங்கள். உங்கள் மாடியில் உள்ள வாசல்களைப் பார்த்துக்கொண்டே நடங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு கதவுகள் இருக்கும். வெளியே கம்பி வைத்த இரும்புக் கேட், உள்ளே மரக்கதவு. சில வீடுகளில் இரண்டும் மூடியிருக்கும். சில வீடுகளில் கேட் பூட்டியிருக்கும், மரக்கதவு திறந்திருக்கும். தொலைக்காட்சி ஓடுவது கேட்கும், தாளிக்கும் வாசனை வரும். எங்காவது ஒரு வீட்டில் இரண்டுமே திறந்திருக்கும். வாசலில் காலணிகள் குவிந்து கிடக்கும்.

கேட் எதற்கு என்று கேட்டால் பாதுகாப்புக்கு என்போம். உண்மைதான். ஆனால் அது சத்தமில்லாமல் இன்னொரு வேலையும் செய்கிறது. ஒரே ஒரு கதவு இருந்தால் வீட்டுக்கு இரண்டு நிலைகள்தான்: திறப்பு, மூடல். இரண்டு கதவுகள் இருந்தால் மூன்று நிலைகள் கிடைக்கின்றன. ‘இப்போது வேண்டாம்’, ‘இருக்கிறேன், குரல் கொடுங்கள்’, ‘உள்ளே வாங்க’. நடுவில் இருக்கும் அந்த நிலையைப் பற்றியதுதான் இந்த வாரப் பாடம். வீடு கட்டுபவர்கள் பல ஆண்டுகளாக மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி அதில்தான் அடங்கியிருக்கிறது. ஒருவருக்குத் தனிமையும் வேண்டும், அக்கம்பக்கமும் வேண்டும். இரண்டையும் ஒரே கட்டடத்துக்குள் எப்படிக் கொடுப்பது?

தனிமை ஏன் வேண்டும் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. தேர்வுக்கு முதல்நாள் இரவு, தம்பி பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தால் போதும், புரிந்துவிடும். அக்கம்பக்கம் ஏன் வேண்டும் என்பது இளவயதில் அவ்வளவாகத் தெரியாது. தனியாக வாழ்ந்த முதியவர் ஒருவர் இறந்து சில நாள் கழித்தே பக்கத்து வீட்டாருக்குத் தெரியவந்தது என்ற செய்தியை நாளிதழில் அவ்வப்போது படிக்கிறோம். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். அவர் கதவு மூடியிருப்பது இயல்பா, இயல்பல்லவா என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு வழி இருந்ததில்லை, அவ்வளவுதான்.

2010ல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவினரும் 148 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். அவற்றில் பங்கேற்றவர்கள் மொத்தம் 3 லட்சத்துக்கும் அதிகம். சமூக உறவுகள் வலுவாக இருந்தவர்கள் ஆய்வுக் காலம் முடியும்போது உயிரோடு இருக்கும் வாய்ப்பு, உறவுகள் குறைவாக இருந்தவர்களைவிட 50 விழுக்காடு அதிகம் என்று தெரிந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. உடல்நலம் குன்றியவர் வெளியே போவது குறையும். அதனாலும் உறவுகள் குறையலாம். ஆய்வாளர்கள் தொடக்கத்தில் இருந்த உடல்நிலையையும் கணக்கில் எடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் தொடர்பு மறையவில்லை. ஆக, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் நாலு வார்த்தை பேசுவதை வெறும் நல்ல பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. அது உடல்நலத்தோடும் சேர்ந்த விஷயம்.

தனிமை என்றால் என்ன?

தனிமை ஒரு பக்கம், கூட்டம் ஒரு பக்கம், நடுவில் எங்கோ சரியான இடம் இருக்கிறது என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். இர்வின் ஆல்ட்மன் என்ற உளவியலாளர் 1975ல் இதை வேறு மாதிரி பார்த்தார். தனிமை என்பது ஆள் இல்லாமல் இருப்பதல்ல. யார், எப்போது, எவ்வளவு நெருங்கலாம் என்பதை நானே கூட்டிக் குறைத்துக்கொள்ள முடிவதுதான் தனிமை என்றார் அவர். அப்படிப் பார்த்தால் நெரிசலும் ஏக்கமும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். பேச ஆசைப்பட்டு யாரும் கிடைக்காதபோது ஏக்கம் வருகிறது. விலக ஆசைப்பட்டு முடியாதபோது நெரிசல் தோன்றுகிறது. இரண்டிலும் கைவிட்டுப் போனது கட்டுப்பாடு.

மின்விசிறிக்கு வேகக் கட்டுப்பாடு இருப்பதுபோல் வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டும் மரக்கதவும் அப்படிப்பட்ட ஒன்று. இது வெறும் கருத்தா, சோதித்துப் பார்த்தார்களா? சோதித்திருக்கிறார்கள்.

நீளத் தாழ்வாரமும் குட்டைத் தாழ்வாரமும்

1970களில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக் வளாகத்தில் இரண்டு வகை மாணவர் விடுதிகள் இருந்தன. ஒன்றில் நீளமான தாழ்வாரம்; அதன் இருபுறமும் அறைகள்; 34 மாணவர்களுக்கும் பொதுவாகக் குளியலறை, உட்காரும் கூடம். மற்றொன்றில் இரண்டு மூன்று அறைகள் சேர்ந்து ஒரு தொகுதி. நான்கு முதல் ஆறு மாணவர்களுக்குச் சொந்தமாக ஒரு சின்னக் கூடம், ஒரு குளியலறை. ஒரு மாணவருக்குக் கிடைத்த இடத்தின் அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மாடிக்கு மாடி ஆள் எண்ணிக்கையும் அப்படியே. வேறுபட்டது இடம் பகிரப்பட்ட விதம் மட்டுமே.

ஆண்ட்ரூ பாம், ஸ்டூவர்ட் வேலின்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த மாணவர்களை ஆராய்ந்து 1977ல் நூலாக வெளியிட்டார்கள். நீளத் தாழ்வார மாணவர்கள் ‘இங்கே நெரிசல்’ என்றார்கள். வேண்டாத நேரத்தில், வேண்டாதவர்களைச் சந்திக்க வேண்டியிருக்கிறது என்றார்கள். அதைவிட வியப்பானது அடுத்துச் செய்த சோதனை. விடுதிக்குச் சம்பந்தமில்லாத ஓர் அறையில், முன்பின் அறியாத ஒருவரோடு சற்று நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். நீளத் தாழ்வாரத்திலிருந்து வந்தவர்கள் அந்த ஆளிடமிருந்து தள்ளி உட்கார்ந்தார்கள். முகத்தைப் பார்ப்பதையும் குறைத்துக்கொண்டார்கள். விடுதிக் கட்டடத்தில் கற்றுக்கொண்ட ஒதுங்கும் பழக்கம் அவர்களோடு கூடவே வெளியேயும் போயிருந்தது.

எல்லாரையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால் நட்பு வளரும் என்றுதானே நினைப்போம்? அங்கே நடந்தது நேர்மாறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தாழ்வாரத்தில் n பேர் இருந்தால், அவர்களுக்கிடையே எத்தனை இணைகள் உருவாகும்? ஆளுக்கு ஆள் கைகுலுக்கும் கணக்குதான்: n(n−1)/2. ஆறு பேருக்கு 15 இணைகள். 34 பேருக்கு 561. ஆள் எண்ணிக்கை ஆறு மடங்குகூட ஆகவில்லை. இணைகளோ 37 மடங்குக்கும் மேல். குளியலறைக்குப் போகும் வழியில் யாரைப் பார்ப்பீர்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. பார்க்கிற ஒவ்வொருவரிடமும் புன்னகைப்பதா, பேசுவதா, பேசாமல் போவதா என்று மூளை ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டும். கடைசியில் அது ஒரு குறுக்குவழியைப் பிடித்துக்கொள்கிறது: தலையைக் குனிந்துகொண்டு நட.

அறிவியல் மாணவர்கள் இங்கே கை உயர்த்த வேண்டும். “ஆசிரியரே, இரண்டு விடுதியிலும் இருந்தவர்கள் வெவ்வேறு ஆட்கள்தானே? முதலிலிருந்தே கூச்ச சுபாவம் உள்ளவர்கள் ஒரு விடுதியில் சேர்ந்திருந்தால்?” நல்ல கேள்வி. அதற்குப் பதில் 1980ல் வந்தது. பாமும் கிளென் டேவிஸ் என்பவரும் சேர்ந்து, நாற்பது பேர் போலப் பகிர்ந்துகொண்ட ஒரு நீளத் தாழ்வாரத்தின் நடுவில் இருந்த சில அறைகளைப் பொதுக் கூடமாக மாற்றிக் கதவுகள் வைத்தார்கள். ஒரு தாழ்வாரம், இருபது இருபது பேர் கொண்ட இரண்டு தாழ்வாரங்களாகப் பிரிந்தது. மாற்றம் எதுவும் செய்யாத இன்னொரு நீளத் தாழ்வாரத்தை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். இங்கே மாற்றியது தாழ்வாரத்தின் நீளம். அளந்தது மாணவர்களின் உணர்வும் நடத்தையும். சில வாரங்களில், பிரிக்கப்பட்ட தாழ்வாரத்தில் இருந்தவர்கள் நெரிசல் குறைந்ததாகச் சொன்னார்கள். பக்கத்தில் இருப்பவர்களுடன் பழக்கமும் கூடியது. ஒப்பீட்டுத் தாழ்வாரத்தில் அந்த மாற்றம் வரவில்லை. இணைக் கணக்கைப் பாருங்கள்: நாற்பது பேருக்கு 780; இருபது பேர் கொண்ட இரண்டு குழுக்களுக்கு 190 + 190 = 380. சில கதவுகள் பாதிக்கும் மேலான இணைகளைக் குறைத்துவிட்டன. யாரையும் வெளியேற்றவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம்

சிங்கப்பூரில் இந்தக் கேள்வி விடுதிப் பிரச்சினை அல்ல. குடியிருப்பாளர்களில் பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேர் வீவக வீடுகளில்தான் வாழ்கிறோம். தாழ்வாரத்தின் அமைப்பில் சிறு பிழை இருந்தால், அது பல லட்சம் பேரின் அன்றாடப் பிழையாகிவிடும்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பிப்ரவரி 1ஆம் தேதி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1961 மே 25 அன்று, புக்கிட் ஹோ சுவீயில் பெருந்தீ மூண்டது. ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். அந்தக் காலத்தில் முதல் கவலை கூரையும் குழாய்த் தண்ணீரும்தான். தாழ்வாரத்தின் உளவியலைப் பற்றி யோசிக்க நேரம் எங்கே? வேகமாக, மலிவாகக் கட்ட நீளமான புளோக்குகளே வசதி. ஒரு மாடி முழுக்க ஓடும் ஒரே தாழ்வாரம், அதில் வரிசையாகக் கதவுகள். கம்போங்கிலிருந்து வந்தவர்கள் அந்தத் தாழ்வாரத்தையே முற்றமாக்கிக்கொண்டார்கள். பிள்ளைகள் அங்கேதான் விளையாடினார்கள். பெரியவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஆனால் அந்தத் தாழ்வாரத்தை ஒட்டித்தான் அறைகளின் சன்னல்களும் இருந்தன. மாடியில் உள்ள எல்லாரும் உங்கள் படுக்கையறைச் சன்னலைக் கடந்துதான் போக வேண்டும்.

1970களில் இன்னொரு வகை வந்தது. கோபுரம் போல உயர்ந்து நிற்கும் புளோக். ஒரு மாடிக்கு நான்கே வீடுகள். சன்னல் ஓரமாக யாரும் நடக்க முடியாது. காற்று பல பக்கமிருந்தும் வரும். தனிமைக்கு அருமை. ஆனால் இணைக் கணக்கு இப்போது மறுபக்கம் இழுக்கிறது. நான்கு வீடுகளுக்கு ஆறே இணைகள். இரண்டு குடும்பங்கள் நாள் முழுக்க வேலைக்குப் போய்விட்டு, மூன்றாவது வீட்டார் கதவே திறக்காதவர்கள் என்றால், நான்காவது வீட்டில் இருக்கும் தாத்தாவுக்குப் பேச யார் மிச்சம்?

1970களின் பிற்பகுதியிலிருந்து நடுவழி ஒன்றைக் கையாண்டார்கள். நீளத் தாழ்வாரத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஆறு முதல் எட்டு வீடுகளுக்கு ஒரு துண்டு என்று அமைத்தார்கள். அப்போது கழகத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராகவும், 1979 முதல் 1989 வரை தலைமை நிர்வாகியாகவும் இருந்தவர் லியூ தை கெர். பக்கத்து வீட்டாரை அடையாளம் தெரிந்துகொள்ளும் அளவுக்குச் சிறிய குழுவாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். எட்டு வீடுகள் என்றால் 28 இணைகள். வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் 32 முகங்கள். ஒரு வகுப்பறை அளவு. வகுப்பில் உள்ள எல்லாருடைய பெயரும் உங்களுக்குத் தெரியும், அல்லவா? எல்லாரும் நெருங்கிய நண்பர்களா என்றால் இல்லை. அந்த அளவுக்குத் தெரிந்திருந்தால் போதும் என்பதுதான் இங்கே குறிக்கோள். என்னைக் கேட்டால் சரியான குறிக்கோள்.

அண்மை என்பது மீட்டர் கணக்கு மட்டுமல்ல

லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் என்ற மூவர் 1950ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் உளவியல் பாடநூல்களில் இருக்கிறது. இடம், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்கேட் குடியிருப்பு. போரிலிருந்து திரும்பிப் படிக்க வந்த, திருமணமான மாணவர்களின் குடும்பங்கள் அங்கே வசித்தன. வீடுகளை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. காலியான வரிசைப்படி கொடுத்தார்கள். அதனால்தான் அந்த ஆய்வுக்கு மதிப்பு. இரண்டு மாடிக் கட்டடம், மாடிக்கு ஐந்து வீடுகள். யாருடன் அதிகம் பழகுகிறீர்கள் என்று கேட்டார்கள். அதே மாடியில் அடுத்த கதவுக்காரரைக் குறிப்பிட்டவர்கள் 41 விழுக்காடு. ஒரு வீடு தள்ளி இருப்பவர் என்றால் 22 விழுக்காடு. மாடியின் இரு கோடிகளில் இருப்பவர்கள் என்றால் 10 விழுக்காடு. கோடிக்குக் கோடி தூரம் முப்பது மீட்டர்கூட இல்லை!

இன்னொன்றும் தெரிந்தது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்த கீழ்வீட்டாருக்கு மேல்மாடியில் நண்பர்கள் அதிகம். அஞ்சல்பெட்டிகள் இருந்த இடத்தை ஒட்டிய வீட்டாருக்கும் அப்படியே. இரண்டு வீடுகளுக்கு இடையே எத்தனை மீட்டர் என்பதைவிட, அன்றாட வேலைகளின் பாதைகள் எங்கே சந்திக்கின்றன என்பதே முக்கியம்.

இப்போது உங்கள் புளோக்கின் அஞ்சல்பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கீழே, வெற்றுத்தளத்தில், மின்தூக்கிக்குப் பக்கத்தில். வீடுகள் இல்லாமல் தூண்கள் மட்டும் நிற்கும் அந்தத் தளத்தில்தான் ஒரு வாரம் மலாய்க் குடும்பத்தின் திருமணம் நடக்கிறது, மறுவாரம் சீனக் குடும்பத்தின் இறுதிச் சடங்கு நடக்கிறது. நம் வீட்டு விசேஷமும் அங்கேதான். அதைக் கடந்துதான் எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் யாரும் அங்கே நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. நின்றால் பேச்சு, நடந்தால் தலையசைப்பு. கேட்டும் மரக்கதவும் உங்கள் வாசலில் செய்யும் வேலையை வெற்றுத்தளம் புளோக் முழுமைக்கும் செய்கிறது.

மின்தூக்கியின் கதையும் இதோடு சேர்ந்ததே. பழைய புளோக்குகள் பலவற்றில் மின்தூக்கி சில மாடிகளில் மட்டும்தான் நின்றது. மற்ற மாடிக்காரர்கள் அங்கே இறங்கி, தாழ்வாரம் வழியாக நடந்து, படியேறினார்கள் அல்லது இறங்கினார்கள். 2001ல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம், முடிந்த இடங்களிலெல்லாம் அதை எல்லா மாடிகளிலும் நிற்க வைத்தது. நின்ற மாடிக்காரர்களுக்கு முன்பின் தெரியாதவர்களின் நடமாட்டம் குறைந்தது. படியேற முடியாமல் வீட்டிலேயே அடைந்து கிடந்த முதியவர்களுக்குக் கீழே வர வழி பிறந்தது. தனிமையைக் கூட்டினால் கூட்டுறவு குறையும் என்ற தராசுக் கணக்கு எப்போதும் சரியல்ல என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சத்தத்தின் இயற்பியல்

அக்கம்பக்கத்துச் சச்சரவுகளில் முன்னால் நிற்பது சத்தம். இதில் நல்லெண்ணம் மட்டும் போதாது. கொஞ்சம் இயற்பியலும் வேண்டும்.

சத்தம் சுவர் தாண்டி வர இரண்டு வழிகள். ஒன்று காற்று வழி: பேச்சு, பாட்டு, தொலைக்காட்சி. திறந்த வெளியில், ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒலி, தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 60 டெசிபலாகக் கேட்கும் சாதாரணப் பேச்சு, இரண்டு மீட்டரில் 54, நான்கு மீட்டரில் 48, எட்டு மீட்டரில் 42. தாழ்வாரத்தில் இவ்வளவு குறையாது. கூரையும் சுவரும் ஒலியைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கோடி வீட்டுச் சிரிப்பு உங்கள் வாசல்வரை வருகிறது.

சுவர் ஒலியைத் தடுப்பது அதன் கனத்தால். கனம் இரட்டிப்பானால் தடுப்பு இன்னும் 6 டெசிபல் அளவுக்குக் கூடும். சரி, கனமான சுவர் கட்டிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நினைக்காதீர்கள். ஓர் உதாரணம். 50 டெசிபல் தடுக்கும் சுவர், தன்மேல் விழும் ஒலி ஆற்றலில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடுகிறது. அதில் நூற்றில் ஒரு பங்கு பரப்பளவில் திறப்பு இருந்தால்? அந்தத் திறப்பு வழியாக மட்டும் நூற்றில் ஒரு பங்கு ஆற்றல் உள்ளே வரும். முழுச் சுவர் வழியாக வருவதைப் போல ஆயிரம் மடங்கு! 50 டெசிபல் தடுப்பு 20 டெசிபலாகச் சரிந்துவிடும்.

நூற்றில் ஒரு பங்கு எவ்வளவு என்று தெரியுமா? உங்கள் அறைக் கதவு 2.1 மீட்டர் உயரம், 0.9 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அடியில் 2 சென்டிமீட்டர் இடைவெளி. கதவின் பரப்பு 1.89 சதுர மீட்டர். இடைவெளியின் பரப்பு 0.018 சதுர மீட்டர். ஏறத்தாழ ஒரு விழுக்காடு. ஆகவே தேர்வு நேரத்தில் கதவடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைப்பது பாட்டி வைத்தியம் அல்ல, நல்ல இயற்பியல். காற்றோட்டம் குறையும், மறுபக்கச் சன்னலைத் திறந்து வையுங்கள்.

இரண்டாவது வழி கான்கிரீட் வழி. மேல்வீட்டில் நாற்காலியை இழுப்பது, இடி உரலில் மிளகு இடிப்பது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. கான்கிரீட்டில் 3,000 மீட்டருக்கும் மேல். வேகத்தைவிட முக்கியம், அடி நேராகத் தளத்திலேயே விழுவதால் ஒலி காற்றைத் தாண்டி உள்ளே நுழையும் இழப்பு இல்லை. தூண், தளம், சுவர் என்று முழு எலும்புக்கூடும் அதிர்கிறது. அதனால் சத்தம் வருவது மேல்வீட்டிலிருந்துதான் என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. மேலே போய்ச் சண்டை போடுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

இதற்குக் கனமான சுவர் உதவாது. மெத்தென்ற ஏதாவது வேண்டும். உந்தம் பாடத்தில் படித்ததுதான்: உந்த மாற்றம் அதே அளவாக இருக்க, தொடுநேரம் நீண்டால் விசை குறையும். உரலுக்கு அடியில் நாலாக மடித்த துணி, நாற்காலிக் காலில் ஒட்டிய கம்பளித் துண்டு இரண்டும் செய்வது அதைத்தான். கட்டடம் கட்டுபவர்களும் தங்கள் பங்கைச் செய்கிறார்கள்: சமையலறைக்கு மேல் சமையலறை, குளியலறைக்கு மேல் குளியலறை. குழாய்க்கு வசதி, உங்கள் கட்டிலுக்கு மேல் யாரும் மிளகு இடிக்கமாட்டார்கள் என்பது கூடுதல் லாபம்.

பார்வைக்கும் இப்படி ஓர் இயற்பியல் உண்டு. பகலில் மெல்லிய திரை உங்களை மறைக்கும். வெளிவெளிச்சம் திரையில் பட்டுச் சிதறுவதால் உள்ளிருந்து வரும் மங்கலான ஒளி கண்ணுக்குப் படாது. விளக்கு போட்ட பிறகு நிலைமை தலைகீழ். அதே திரை தாழ்வாரத்தில் போகிறவருக்கு உங்களைக் காட்டிக்கொடுக்கும். மாலையானதும் தாழ்வாரச் சன்னல்கள் ஒவ்வொன்றாக அடைபடுவதற்கும், அதோடு வீட்டுக்குள் காற்று நின்றுபோவதற்கும் இதுவே காரணம்.

தூரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எட்வர்ட் ஹால் என்ற மானிடவியலாளர் 1966ல், நெருங்கியவர்களைத் தவிர மற்றவர்கள் 1.2 மீட்டருக்குள் வந்தால் நாம் அதைக் கவனிக்கத் தொடங்குகிறோம் என்று எழுதினார். அவர் அளந்தது அமெரிக்கர்களை. பண்பாட்டுக்குப் பண்பாடு இது மாறும் என்பதையும் அவரே வலியுறுத்தினார். நம் தாழ்வாரங்களில் தீ விபத்தின்போது தப்பிச் செல்ல 1.2 மீட்டர் அகலத்துக்குத் தடையில்லாமல் விட்டுவைக்க வேண்டும் என்பது சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் விதி. இரண்டும் ஒரே எண்ணாக இருப்பது தற்செயல்தான். ஆனாலும் விளைவைப் பாருங்கள். பூந்தொட்டியும் மிதிவண்டியும் போக மிச்சமுள்ள வழியில் எதிரே ஒருவர் வந்தால், நீங்கள் அவரைக் கவனிக்காமல் இருக்க முடியாது. ஒன்று புன்னகைக்க வேண்டும், இல்லாவிட்டால் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் நடிக்க வேண்டும்.

புதிய புளோக்குகள்

குவீன்ஸ்டவுனில் 2015ல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்கைவில் அட் டாசனில் 960 வீடுகள். வோஹா நிறுவனத்தின் கட்டடக் கலைஞர்கள் அவற்றை எண்பது எண்பதாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் உயரத்தில் கூரையிட்ட பொதுத் தோட்டம் ஒன்றைக் கொடுத்தார்கள். எண்பதுக்கு இணைகள் 3,160. எல்லாரும் எல்லாரையும் அறிவது நடக்காது. தரைக்கு இறங்காமலேயே வீட்டைவிட்டு வெளியே வந்து உட்கார ஓர் இடம் என்ற அளவில் அது பயன்படும். நாற்பது மாடிக்கும் மேல் போகும் கட்டடத்தில் அது சிறிய விஷயமல்ல.

எனக்கு அதைவிடப் பிடித்தது உட்லண்ட்சில் உள்ள கம்போங் அட்மிரல்ட்டி. முதியவர்களுக்காக 104 சிறிய வீடுகள். அதே கட்டடத்தில் உணவங்காடி நிலையம், மருத்துவ நிலையம், பாலர் பராமரிப்பு நிலையம். 2018ல் உலகக் கட்டடக் கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடம் என்ற விருதைப் பெற்றது. விருதைவிட என்னைக் கவர்ந்தது வீடுகளின் நுழைவிடத்தில் அடுத்த வீட்டாரோடு பகிர்ந்துகொள்ளும்படி போட்டிருக்கும் சின்ன இருக்கை. வெளியே உட்கார்ந்தால் பேசத் தயார். உள்ளே போனால் ஓய்வு. பக்கத்து வீட்டுப் பாட்டி தினமும் காலையில் உட்காரும் இருக்கை ஒரு நாள் காலியாக இருந்தால், அதைக் கவனிக்க ஒருவர் இருப்பார்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் மாடியின் வரைபடத்தை வரையுங்கள். கதவுகள், மின்தூக்கி, படிக்கட்டு, குப்பைத் தொட்டி எல்லாவற்றையும் குறியுங்கள். n(n−1)/2 கணக்கிட்டு ஓரத்தில் எழுதுங்கள். ஒரு வாரம், தினமும் மாலை ஒரே நேரத்தில், ஒவ்வொரு வாசலும் மூன்று நிலைகளில் எதில் இருக்கிறது என்று குறித்து வாருங்கள். நேரத்தை மாற்றாதீர்கள், மாற்றினால் ஒப்பிட முடியாது. பிறகு நீங்கள் அடையாளம் தெரிந்தவர்களின் வாசல்களுக்கு வண்ணம் தீட்டுங்கள். மின்தூக்கிக்கு அருகில் வண்ணம் கூடுகிறதா? மரக்கதவு அடிக்கடி திறந்திருக்கும் வீடுகளில் கூடுகிறதா? வெஸ்ட்கேட் முடிவுகளோடு ஒத்துப்போகாவிட்டால் இன்னும் நல்லது; ஏன் என்று ஒரு கருதுகோள் எழுதி வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.

பார்த்ததை மட்டும் குறியுங்கள். உள்ளே எட்டிப் பார்க்க வேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம். பெயரும் வீட்டு எண்ணும் தேவையில்லை. அ, ஆ, இ என்று குறித்தால் போதும்.